தேன்கூட்டுக்குத் தீப்பந்தமா?

தேன்கூடு என்றாலே தீப்பந்தம்தான். விழுப்புரமோ திண்டிவனமோ, தேனீ தொல்லை என்று மனு போனால் போதும். பொழுது சாய்ந்ததும் கொளுத்தச் சொல்வதைத் தவிர வேறு முடிவெடுக்க அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. குடியிருப்போர் பயப்படுவதில் தவறில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டினால் கீழே பிள்ளைகளை யார் விளையாட விடுவார்கள்? கதண்டு கொட்டி உயிர் போன செய்திகளும் நாம் படித்தவைதான். ஆனால் கதண்டு வேறு, தேனீ வேறு.

கொளுத்தச் சொன்னவர்கள் மறுநாள் காலையில் அங்கே வந்து நின்று பார்க்க வேண்டும். கருகியவை போகத் தப்பிய ஈக்கள் இருட்டில் சிதறி, விளக்கெரியும் வீடுகளுக்குள் நுழைகின்றன. விடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பி, மிச்சமிருக்கும் மெழுகைச் சுற்றி மொய்க்கின்றன. போகிற வருகிறவர்களைக் கொட்டுகின்றன. தொல்லை தீர்ந்ததா? சுவரிடுக்கிலும் மரப்பொந்திலும் அடை கட்டும் இந்தியத் தேனீயைக் கொளுத்துவதோ இன்னும் அநியாயம். லேசாகப் புகை காட்டி, அடையை அறுத்து, வாழைநாரால் சட்டத்தில் கட்டி, ராணியைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டால் கூட்டம் பின்னாலேயே போய்விடும். மார்த்தாண்டத்தில் சுமார் நூறாண்டாகக் கைவந்த வேலை இது. மலைத்தேனீ பெட்டிக்கு அடங்காது, உண்மை. ஆனால் அது ஓரிடத்தில் நிலைத்துத் தங்குவதும் இல்லை. பருவம் மாறினால் அடையை விட்டுக் கிளம்பிவிடும். அதுவரை கயிறு கட்டி ஆட்களை விலக்கி வைக்கலாம். முடியாத இடத்தில் விவரம் தெரிந்தவர்களை விட்டுப் புகை போட்டுக் கிளப்பலாம்.

மரக்காணம் பக்கம் தர்பூசணி போடுகிறவர்களைக் கேட்டிருந்தால்கூடத் தேனீயின் அருமையைச் சொல்லியிருப்பார்கள். ஆண் பூ தனி, பெண் பூ தனி. ஈ வந்து உட்காராவிட்டால் பிஞ்சு வெம்பி உதிரும். 2020இல் தேனீ வளர்ப்புக்கு 500 கோடி ரூபாய் என்று மத்திய அரசு அறிவித்தது. அரசாங்கத்தின் ஒரு கையில் தேனீப் பெட்டி, மறு கையில் பந்தம்!

   சாலையை அகலப்படுத்த நிழல் மரங்களை வெட்டினார்கள். பொந்து இழந்த தேனீ சுவரைத் தேடி வந்தால் அதற்குத் தண்டனை.

வேளாண் அறிவியல் நிலையம் திண்டிவனத்திலேயே இருக்கிறது. அங்கே ஒரு போன் போட்டுக் கேட்க எந்த விதி தடுக்கிறது? தேனீயை உயிரோடு அகற்ற ஏதாவது ஓர் ஏற்பாடு வேண்டும். எந்தத் துறை, யார் பொறுப்பு என்பதை அதிகாரிகளே உட்கார்ந்து பேசி முடிக்கட்டும். அதுவரை பந்தத்தை அணைத்து வைக்கட்டும்.