எதை அழிக்கிறீர்கள், ஐயா?
வன்தட்டு நிரம்பினால் பழைய காப்புப் பிரதிகளை அழிப்பதே நிர்வாகம் என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மேகக் கணினிச் சேவையைக் கப்பம் கோரும் நச்சுநிரல் தாக்கியது. இணைப்பிலிருந்த பிரதிகளும் சேர்ந்தே முடங்கின. தனியே எடுத்துவைத்த பிரதி இல்லாமையால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளவில்லை. கொழும்பு கனவான்களுக்கு அவை வெறும் கடிதங்கள். பதுளை, பசறை, ஹாலிஎலத் தோட்டத்தாருக்கோ பழைய பதிவென்பது வாழ்வுரிமை. தந்தையும் இங்கே பிறந்தவர் என்பதற்குப் பத்திரம் கேட்டே 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. (2003 வரை இழுபட்ட துயரம் அது!) இன்று பல தோட்டங்களில் செக்ரோலும் சேமலாப நிதிக் கணக்கும் கணினிக்குள். கொழுந்தெடுத்த தாயின் முப்பதாண்டு உழைப்புக்கு வேறு சாட்சி ஏது? அழிப்பதாயின், புதிய பிரதி திறக்கிறதா எனப் பாருங்கள். ஒன்றை இணைப்பின்றி வேறிடத்தில் பூட்டிவையுங்கள். அதன் பின்பு அழியுங்கள்.