படிப்பு நிற்பது தலையெழுத்தா?

"படிப்பு எல்லோருக்கும் வராது, அது தலையெழுத்து" என்று சொல்லும் பெரிய மனிதர்களைக் கேட்கிறோம்: போர்த்துகல் தேசத்தின் கணக்கைப் பார்த்தீர்களா?

18 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில், மேல்நிலைப் படிப்பை முடிக்காமலும் வேறு படிப்போ பயிற்சியோ இல்லாமலும் இருப்பவர்களை ஐரோப்பிய யூனியன் கணக்கெடுக்கிறது. 2002-இல் போர்த்துகலில் இவர்கள் நூற்றுக்குச் சுமார் 45 பேர்; ஸ்பெயினில் சுமார் 31 பேர். 2020-இலோ போர்த்துகலில் சுமார் 9, ஸ்பெயினில் 16!

18 வருஷத்தில் போர்த்துகீசியரின் மூளை மாறிற்றா? ரத்தம் மாறிற்றா? இல்லவே இல்லை. 1926 முதல் 1974 வரை நடந்த சர்வாதிகாரம், ஏழைக்கு நாலெழுத்துப் போதுமென்று 1930-இல் கட்டாயப் படிப்பை 3 வருஷமாகக் குறைத்தது. பின்வந்த குடியாட்சி அதை 1986-இல் 9 வருஷமாகவும், 2009-இல் 12 வருஷமாகவும் நீட்டிற்று. தொழிற்படிப்பு வகுப்புகளையும் பெருக்கிற்று.

ஸ்பெயினிலோ கட்டட வேலைக் கூலி பையன்களைப் பள்ளியிலிருந்து இழுத்தது; 2008-இல் அவ்வியாபாரம் சரிந்த பிறகே தொகை இறங்கலாயிற்று.

தோழர்களே! தலையில் எழுதியதைச் சட்டம் போட்டு அழிக்க முடியுமா? பையன் படிப்பை விட்டால், அவன் தலையைத் தடவிப் பார்க்காதீர்கள். சர்க்காரின் சட்டத்தையும் பணப்பெட்டியையும் திறந்து பாருங்கள்!