மூடிய கதவு திறக்கட்டும்!



திரை விலகுகிறது. மாடிப்படியில் பாதி ஏறி நிற்கிறார் ஒரு முதியவர். மூச்சு இரைக்கிறது; மார்பை அடைக்கிறது; கண் இருள்கிறது. “என்னப்பா?” என்று பதறுகிறான் மகன். “ஒன்றுமில்லை, வயதாகிவிட்டது” என்கிறார் தந்தை. “ஆமாம், வயதாகிவிட்டது” என்று தலையசைக்கிறது ஊர். திரை விழுகிறது. சில திங்கள் கழித்து, அதே வீட்டு வாயிலில் பறை முழங்குகிறது!

அவரைக் கொன்றது வயதா? அல்ல, தோழர்களே, அல்ல! இதயத்திலிருந்து உடலெங்கும் குருதி புறப்படும் வாயிலில், மூன்று இதழ் கொண்ட கதவொன்று இருக்கிறது. வால்வு என்பது அதன் பெயர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை திறந்து மூடும் அந்தக் கதவிலே முதுமையில் சுண்ணாம்பு படிகிறது; இதழ் இறுகுகிறது; வாயில் குறுகுகிறது. அந்தச் சுண்ணாம்பைக் கரைக்கும் மருந்து இல்லை. கதவையே மாற்றியாக வேண்டும்.

மாற்றும் வழி முன்பே உண்டு. ஆனால் மார்பெலும்பைப் பிளக்க வேண்டும். இதயத்தை நிறுத்திவைத்து, அதன் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டும். எண்பதைத் தாண்டிய எலும்புக்கூடு அதைத் தாங்குமா? “தாங்காது, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்ற தீர்ப்பைக் கேட்டுத் திரும்பியவர் எத்தனை பேர்!

அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்தனர் சிலர். டென்மார்க்கின் ஹென்னிங் ரூட் ஆண்டர்சன், கம்பி வளையத்தில் வால்வைத் தைத்து, மடக்கி, குழாய் வழியே செலுத்தி, 1989 மே 1 அன்று ஒரு பன்றியின் இதயத்தில் பொருத்திக் காட்டினார். 2002 ஏப்ரல் 16 அன்று, பிரான்சின் ரூவான் நகரில், அறுவையாளர் கைவிட்ட 57 வயது நோயாளிக்கு அவ்வாறே வால்வு பொருத்தினார் அலென் கிரிபியே. அந்த மனிதர் நான்கு திங்களே வாழ்ந்தார். வேறு கோளாறுகளால் மறைந்தார். ஆனால் வழி மறையவில்லை!

இன்று பெரும்பாலோருக்குத் தொடையில் ஒரு சிறு துளை போதும். மாட்டின் இதய உறையில் செய்த இதழ்கள், உலோக வலைக்குள் மடங்கி உள்ளே செல்கின்றன. பழைய கதவை ஒதுக்கிவிட்டு விரிகின்றன. இதயம் துடித்துக்கொண்டேயிருக்கிறது!

வெறும் வியப்புரையா இது? கணக்கைப் பாருங்கள். அறுவைக்கு ஆகாதவர் என ஒதுக்கப்பட்ட 358 பேரிடம் நடந்த ஆய்வு 2010 இல் வெளிவந்தது. பழைய மருத்துவம் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் மாண்டோர் 50.7 விழுக்காடு, புதிய வால்வு பெற்றவர்களில் 30.7 விழுக்காடு. குறையே இல்லையா? உண்டு. அதே ஆய்வில் பக்கவாதம் புதிய முறையிலேதான் மிகுதி. மறைக்க வேண்டியதில்லை, ஆனாலும் நூற்றுக்கு இருபது உயிர் அற்பமா?

அப்படியானால் தடையாய் நிற்பது எது? விலை! வால்வின் விலையே பல இலட்சம். ஓய்வூதியமும் அற்ற நெசவாளிக்கு, அது வானத்து நிலவு. “உயர்ந்த பொருள், அதனால் உயர்ந்த விலை” என்பர். இதயக் குழாய்க்கான ஸ்டென்டைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு வரம்பு கட்டியது. இலட்சத்தைத் தாண்டி விலை எழுதப்பட்ட மருந்து ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. உலகம் கவிழ்ந்துவிட்டதா?

நமக்குச் செய்யத் தெரியாதா? திருவனந்தபுரத்தின் சித்திரைத் திருநாள் நிலையம், மூன்று வடிவங்கள் தோற்றும் துவளாமல், நான்காவதில் வென்று, 1990 இல் உள்நாட்டு வால்வை மனித இதயத்தில் பொருத்தியது. அது மார்பைத் திறந்து பொருத்தும் வகை. குழாய் வழி வால்வும் இன்று குசராத்தின் வாபியில் உருவாகிறது. அறிவு இருக்கிறது, ஆலை இருக்கிறது. இல்லாதது வரம்பு!

வால்வுக்கும் விலை வரம்பு வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சை பெருக வேண்டும். அதைக் கேட்பது நம் கடமை. இன்னொரு கடமையும் உண்டு. உங்கள் தெருவில் படியேற முடியாமல் நிற்கும் பெரியவரைக் கண்டால், “வயதாகிவிட்டது” என்று சொல்லாதீர்கள். கைபிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம்மைத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள், தோழர்களே!