பழவேற்காட்டுப் பாடும் பயிற்சிக் கூடமும்

பொதுநீரைப் பேணும் முறையைச் சிற்றூர் மக்களுக்குக் கற்பிக்கப் போகின்றோம் என்று அரசினரும் அறநிறுவனத்தாரும் அவ்வப்போது புறப்படுகின்றனர். நன்று! ஆயின், அவர் பழவேற்காட்டுக்குச் செல்வராயின், முதலில் கரைமணலில் அமர்ந்து தாமே சில கற்றுக்கொள்ளல் வேண்டும்.

சிலிக்கா ஏரிக்கு அடுத்து, இந்தியாவில் பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் கிடக்கின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர் அங்கே 'பாடு' என்னும் முறையை வழிவழியாகக் கையாண்டு வருகின்றனர். காயலில் எல்லா இடமும் ஒன்றுபோல் இறால் தருவதில்லை. வலியவன் நல்லிடத்தை நாளும் பற்றிக்கொண்டால் எளியவன் வயிறு காயும், பூசல் மூளும். ஆகவே இடங்களை வரையறுத்து, சீட்டுக் குலுக்கி, இன்று இவர்க்கு, நாளை அவர்க்கு என முறைவைத்தனர். மீறினால் ஊர் தண்டிக்கும். இலங்கையில் நீர்கொழும்புக் காயலிலும் இத்தகைய முறை உண்டு; அதனை அந்நாட்டரசு சட்டத்தாலும் ஏற்றுக்கொண்டது. அயல்நாட்டு ஆய்வாளரும் 'பாடு' என்னும் நம் சொல்லையே தம் நூல்களில் ஆளுகின்றனர். நம்மவரோ அதனை 'மேனேஜ்மெண்ட்' என்றால்தான் நிமிர்ந்து பார்க்கின்றனர்!

பாட்டில் குறையே இல்லை என்று நாம் புனைந்துரைக்க மாட்டோம். அவ்வுரிமை பிறப்பொடு பிணைந்தது. ஒடுக்கப்பட்ட குடிகளைச் சேர்ந்த மீனவர்க்கும், கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்க்கும் அதில் பங்கில்லை. இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை ஏறியபின் காயலில் இறங்குவோர் பெருகினர்; பூசலும் பெருகிற்று. உழைப்பவனுக்கு நீரில் இடமில்லை என்பது தமிழர் அறமாகாது. அவர்களையும் சேர்த்து முறைவைப்பது எப்படி என்பதே இற்றைநாளில் கற்கவும் கற்பிக்கவும் வேண்டிய அரிய கல்வி.

இன்னொன்று கழிமுகம். கோடையில் மணல் மேடிட்டு அது தூர்ந்துபோனால் கடல்நீர் ஏறாது. இறாற்குஞ்சும் உள்ளே வாராது. கடலுக்குச் செல்லும் படகுகளும் முடங்கும். அரசு வருமுன் மீனவரே மண்வெட்டியுடன் சென்று வாய் திறந்த காலங்கள் உண்டு. இப்பொழுது கழிமுகத்தை நிலைப்படுத்தக் கற்சுவர் எழுப்பும் திட்டத்தை அரசு கொண்டுவந்துள்ளது. கல்லைக் கொட்டிய ஒப்பந்தக்காரர் போய்விடுவார். மணலோ ஆண்டுதோறும் வரும். நீரோட்டத்தை அளக்கவும், தூர்வு கண்டால் உரிய பருவத்தில் அகற்றவும் எவர் இருப்பார்? ஊர் இளைஞர்க்கு, பெண்களையும் இருளரையும் உள்ளிட்டு, அளவைப் பயிற்சி அளித்து, அதற்கான பணத்தையும் பொறுப்பையும் ஊர்மன்றங்களிடம் ஒப்படைக்க வேண்டும். கணக்கு, கூட்டக் குறிப்பு, ஆணை யாவும் தமிழிலேயே எழுதப்படல் வேண்டும். காயலை ஒட்டிய காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் போன்றவற்றில் முடிவெடுக்குமுன் அம்மன்றங்களின் ஒப்புதலையும் பெறல் வேண்டும்.