மலிவின் விலை

பழைய மோட்டார் சைக்கிளை வாங்குவது இழிவன்று. வாங்கியதைப் பேணாது விடுவதே இழிவு. தோட்டத்தை விட்டு நகர்ப்புறம் வந்த எத்தனையோ மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் உலையில் அரிசியிட்டது, பிறர் ஓட்டிக் கழித்த ஹோண்டா கப் வண்டியே.

ஆயினும், வாங்குவோர் பலர் காண்பது யாது? வண்ணப்பூச்சின் பளபளப்பும், பேரத்தில் குறைந்த ஐம்பது வெள்ளியுமே! பிரேக் கட்டை தேய்ந்துள்ளதா, சங்கிலி தொய்ந்துள்ளதா, பதிவு அட்டையின் எண்கள் இயந்திரத்திலும் சட்டகத்திலும் பொறித்த எண்களோடு ஒத்துள்ளனவா என்று ஆராய்வோர் சிலரே. டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைச் சொல்லும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. அதனைக் குனிந்து படிப்போர் அரியர். முதிர்ந்த ரப்பரோ இறுகி, மழைச் சாலையில் பிடிப்பை இழக்கும்.

"ஓடும் வரை ஓடட்டும், அதுதானே சிக்கனம்" என வாதிடுவோர் உளர். எண்ணெய் மாற்றும் சில வெள்ளியை மிச்சம் பிடித்து, பின்னர் இயந்திரத்தையே பிரித்துக் கட்டுவதற்கு அள்ளிக் கொடுப்பது சிக்கனமாகுமா? இரைச்சலிடும் புகைக்குழாய்க்குப் பணம் உண்டு, பிரேக் கட்டைக்கு இல்லை என்பது வறுமையன்று, பொறுப்பின்மை.

சிங்கப்பூரில் மூன்றாண்டைக் கடந்த மோட்டார் சைக்கிள் ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் சென்றாக வேண்டும். மலேசியாவில் தனியார் மோட்டார் சைக்கிளுக்கு அக்கட்டாயம் இல்லை. மலேசியச் சாலைகளில் மடிவோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. சட்டம் கேளாத கேள்வியை உடையவனின் மனச்சான்று கேட்கட்டும். பின்னிருக்கையில் அமர்வோர் அவன் மனைவியும் மகவும் அன்றோ?