ஏழு நாள் என்றால் எத்தனை நாள்?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு, நண்பரின் மகள் புலனத்தில் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். போலிடெக்னிக்கில் இறுதிப் பருவம் படிக்கிறவள். படத்தில் இருந்தது லினக்ஸ் கையேட்டின் ஒரே ஒரு வரி. கீழே, “நாலு தடவை படிச்சிட்டேன் மாமா. என் இங்கிலீஷ் அவ்வளவுதான் போல” என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் பார்த்துத்தான் உடனே அவளை அழைத்தேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப்பள்ளி வழியாகக் கணினித் துறைக்கு வந்த பல பிள்ளைகள் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் சொன்னவன்தான். கையேடு புரியவில்லை என்றால், குறை நம் ஆங்கிலத்தில்தான் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

விஷயம் இதுதான். அவள் குழுவின் திட்டப்பணியில், விடுதி வாசலில் இருக்கும் கேமரா எடுக்கும் படங்கள் ஒரு சிறு கணினியில் சேர்கின்றன. ஏழு நாள் ஆனதும் படங்கள் அழிக்கப்படும் என்று விடுதி மாணவர்களுக்கு எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ‘ஃபைண்ட்’ என்ற கட்டளை. அதில் ‘எம்டைம் +7’ என்று எழுதினால், ஏழு நாளுக்கு முந்தைய கோப்புகளைத் தேடிக் கொடுக்கும். கையேடு சொல்வதும் கிட்டத்தட்ட அதுதான்: எண்ணை 24 மணி நேரத்தால் பெருக்கிக்கொள், அதற்கும் முன் மாற்றப்பட்ட கோப்பு.

அப்படியானால் ஏழு நாளும் ஐந்து மணி நேரமும் ஆன படம் அழியுமா, அழியாதா? அழியும் என்றாள் இவள். அழியாது என்றான் குழுவில் இன்னொருவன். மூன்றாவது ஆள் உரையாடும் செயலி ஒன்றிடம் இரண்டு முறை கேட்டு, இரண்டு விதமான பதிலோடு வந்து நின்றாள்.

“பரிசோதிச்சுப் பாத்தியாம்மா?” என்று கேட்டேன். “அழிச்சிடுமே மாமா, பயமா இருக்கு” என்றாள்.

பயம் நியாயமானது. ஆனால் உண்மையான படங்களை யார் தொடச் சொன்னது? ஒரு காலிக் கோப்புறையை உருவாக்கச் சொன்னேன். ‘டச்’ என்ற கட்டளை வெற்றுக் கோப்பை உருவாக்கும். நாம் கேட்கும் பழைய தேதியையும் அதற்குப் போட்டுக் கொடுக்கும். ஆறு நாள் ஆனது ஒன்று, ஏழு நாள் ஐந்து மணி நேரம் ஆனது ஒன்று, எட்டு நாள் ஐந்து மணி நேரம் ஆனது ஒன்று என மூன்று கோப்புகள். பிறகு, அழிக்கும் சொல்லைச் சேர்க்காமல், தேடும் கட்டளையை மட்டும் ஓட்டினாள்.

ஒரே ஒரு பெயர் வந்தது. எட்டு நாள் கோப்பு.

கட்டளை கோப்பின் வயதை முழு நாள்களாக எண்ணி, மிச்ச மணி நேரத்தைத் தள்ளிவிடுகிறது. ஏழு நாள் ஐந்து மணி நேரம் அதன் கணக்கில் வெறும் ஏழுதான். ஏழு ஏழைவிடப் பெரியதில்லை. இந்த விளக்கம் கையேட்டில் இல்லாமல் இல்லை. அதே கையேட்டில் ‘ஏடைம்’ என்ற வேறொரு தலைப்பின் கீழே கிடக்கிறது. நாலு தடவை அல்ல, நாற்பது தடவை படித்தாலும் அந்த ஒரு வரி இதைச் சொல்லாது. அவளுடைய ஆங்கிலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

விவாதம் முடிய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. உறுதி கொடுத்தபடி ஏழு நாளில் அழிய வேண்டுமானால் +6 என்று எழுத வேண்டும். அப்படியே விட்டிருந்தால், ஒவ்வொரு படமும் சொன்னதைவிட ஒரு நாள் கூடுதலாகக் கணினியில் இருந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

‘அழிச்சிடுமே’ என்ற அவள் பயம் எனக்குப் புதிதல்ல. பல ஆண்டுகளுக்கு முன், இதே கட்டளையால் தற்காலிகக் கோப்புகளை அழிக்கப் போய், அழிக்கும் சொல்லை முதலிலும் கோப்புப் பெயருக்கான நிபந்தனையை அதற்குப் பின்னும் எழுதினேன். கட்டளை இடமிருந்து வலமாக வேலை செய்யும். நிபந்தனையைப் பார்ப்பதற்குள் அழித்துவிட்டது. நான்கு மாதக் குறிப்புகள் போயின. கையேட்டில் இதற்கு எச்சரிக்கை உண்டு, நான் படித்துமிருந்தேன். படித்ததை ஒரு காலிக் கோப்புறையில் ஓட்டிப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பரிசோதனையின் பதில் அது நடந்த கணினிக்குத்தான் பொருந்தும். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் இதே பெயரில் இதே கட்டளை இருக்கிறது. அதன் கையேடோ, மிச்ச மணி நேரத்தை ஒரு முழு நாளாக்கி மேல்நோக்கிக் கணக்கிடுவதாகச் சொல்கிறது. அங்கே +7 போட்டால் ஏழு நாள் ஐந்து மணி நேரக் கோப்பும் சிக்கும். ஆகவே, மடிக்கணினியில் பார்த்ததோடு நிறுத்தாமல், விடுதியில் இருக்கும் அந்தச் சிறு கணினியிலும் மூன்று கோப்புகளையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். மறுநாளே பார்த்துவிட்டாள். விடை மாறவில்லை.

போன வாரம் திட்டப்பணியைப் படைத்தார்கள். ஏழு நாள் என்று அறிக்கையில் இருக்க, நிரலில் ஏன் ஆறு என்று விரிவுரையாளர் கேட்டாராம். இவள் பதில் சொல்லாமல், மடிக்கணினியைத் திருப்பி, அவர் எதிரிலேயே மூன்று வெற்றுக் கோப்புகளை உருவாக்க ஆரம்பித்திருக்கிறாள்.