ராத்திரியில் தானாக இறங்கும் இன்ஜின்

கடலுக்குப் போய் வந்ததும் இன்ஜினை நல்ல தண்ணீரில் கழுவுவது பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கோலசிலாங்கூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். நண்பர்கள் மூவர் சேர்ந்து பழைய மீன்பிடி படகு ஒன்று வாங்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை ராத்திரி இன்ஜினைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனால், ஞாயிறு காலையில் அது பாதி இறங்கி நிற்கிறதாம்.

"வாரா வாரம் ஆயில் ஊத்துறோம்ணே. அப்படியேதான் இருக்கு."

"எவ்வளவு குடிக்குது?"

கொஞ்சம் யோசித்தார். "எங்கண்ணே குடிக்குது? மூடியைத் தொறந்தா விளிம்பு வரைக்கும் இருக்கு. நாங்க ஊத்துறது வழிஞ்சிடுது."

அவருடைய கோளாறு அந்தப் பதிலிலேயே இருக்கிறது. எண்ணெய் குறையவே இல்லை என்றால் கசிவு வெளியே இல்லை, உள்ளே.

அவுட்போர்ட் இன்ஜினைத் தூக்கி இறக்கும் 'டில்ட்' அமைப்பு, படகின் பின்பலகையைப் பிடித்திருக்கும் தாங்கிக்குள் ஒளிந்திருக்கிறது. பொத்தானை அழுத்தினால் சின்ன மின்மோட்டார் ஒரு பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ள, உள்ளிருக்கும் தண்டு நீண்டு இன்ஜினைத் தூக்கும். 115 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் 150 கிலோவுக்கு மேல் இருக்கும். அத்தனை எடையையும் ராத்திரி முழுக்கத் தாங்குவது கொஞ்சம் எண்ணெயும் சில ரப்பர் வளையங்களும்தான்.

நம் மேற்குக் கரையில் இது சின்ன விஷயம் இல்லை. கிள்ளான் பக்கம் அமாவாசை, பௌர்ணமி நாள்களில் கடல் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றும் நேரத்தில் ஆற்று வாயில் இன்ஜினைத் தூக்க முடியாமல் போனால் விசிறி சேற்றில் புதைந்துவிடும். அடுத்த பெருக்கு வரும்வரை கொசுவுக்குச் சாப்பாடு நாம்தான். ஒரு முறை மகனையும் வைத்துக்கொண்டு அப்படி உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் இன்னும் அதைப் பற்றிப் பேச்சு உண்டு.

அப்போது என் படகில் இருந்தது வேறு கசிவு. எண்ணெய் நிஜமாகவே வெளியே போய்க்கொண்டிருந்தது. நானும் மூன்று மாதம் ஊற்றி ஊற்றி ஓட்டினேன். பிறகு ஒருநாள் எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, கீழே ஓர் அட்டையை விரித்து, பலமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். தண்டு சிலிண்டரிலிருந்து வெளிவரும் இடத்தில் வளையம் போல ஈரம். சீல் போய்விட்டது என்று சந்தோஷமாக மாற்றினேன். மூன்றே வாரத்தில் மறுபடியும் கசிவு! படகுத்துறை மெக்கானிக் அண்ணன் வந்து எதையும் கழற்றவில்லை. தண்டின் மேல் விரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். ஓர் இடத்தில் நகம் தட்டியது. உப்பு அரித்த பொட்டுக் குழி. புதுச் சீலை அதுதான் ஒவ்வொரு முறையும் அறுத்திருக்கிறது. தண்டை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிலிண்டர் மூடியில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். அதற்கென்றே இரண்டு முளை வைத்த ஸ்பேனர் விற்கிறார்கள். நான் உளியும் சுத்தியலும் எடுத்தேன். உப்பில் இறுகிய மூடி அசையவில்லை, விளிம்புதான் உடைந்தது. கடைசியில் முழுச் சிலிண்டருக்கும் காசு கொடுத்தேன்.

இப்போது தம்பியின் இன்ஜின். வெளியே ஈரமில்லை, அளவும் குறையவில்லை, ஆனாலும் இறங்குகிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது, கையால் இறக்குவதற்காகத் தாங்கியின் பக்கவாட்டில் வைத்திருக்கும் திருகு வால்வை. அது சரியாக இறுகாவிட்டாலோ, அதன் ஓ-ரிங் தேய்ந்துவிட்டாலோ, எண்ணெய் சத்தமில்லாமல் தொட்டிக்கே திரும்பிவிடும். முதலில் இறுக்கிப் பாருங்கள். கேட்காவிட்டால் கழற்றி ஓ-ரிங்கை மாற்றுங்கள். அதற்கும் கேட்காவிட்டால் பம்பின் உள்வால்வு அல்லது பிஸ்டன் சீல். அது பட்டறை வேலை, வீட்டு வாசலில் வேண்டாம்.

எதைத் தொடுவதற்கு முன்னும் இன்ஜினை முழுக்கத் தூக்கி, டில்ட் பூட்டைப் போட்டு, கூடவே மரக்கட்டையோ கயிறோ கொடுத்துத் தாங்க வையுங்கள். அந்தத் திருகு தளர்ந்த நொடியில் மொத்த எடையும் கீழே வரும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தொட்டி மூடியையும் இன்ஜின் மேலே இருக்கும்போதுதான் திறக்க வேண்டும். கீழே இருக்கும்போது திறந்தால் எண்ணெய் முகத்தில் பீய்ச்சும்.

திறந்ததும் நிறத்தைப் பாருங்கள். தெளிந்த சிவப்பு என்றால் நலம். பண்டோங் பானம் மாதிரி பால் கலந்த ரோஸ் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, முழுக்க மாற்ற வேண்டும். எந்த எண்ணெய் என்பதை இன்ஜின் கையேடு சொல்லும். பல இன்ஜின்களுக்குக் காரின் ஆட்டோ கியர் ஆயில்தான். பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். நிரப்பிய பின் சில முறை ஏற்றி இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி அளவு பாருங்கள். குறைந்தால் ஊற்றுங்கள். உதறி உதறி ஏறினால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. வடித்த எண்ணெயை ஆற்றில் கொட்டாமல் பட்டறையில் கொடுங்கள். நம் நீர்ப்பகுதியில் எண்ணெய் கொட்டுவதை 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடுக்கிறது.

பெரிய இன்ஜின்களில் இரண்டு குட்டைத் தண்டுகளும் இருக்கும். படகைத் தண்ணீரிலேயே கட்டி வைப்பவர்கள், டில்ட் பூட்டைப் போட்ட பிறகு இறக்கும் பொத்தானை அழுத்தி அவற்றை உள்ளே இழுத்துவிடுங்கள். மலாய்க்காரர்கள் தெரித்திப் என்பார்களே, அந்தக் கொட்டலசு தண்டில் ஒட்டாது, உப்பும் அரிக்காது.

செவ்வாய் ராத்திரி தம்பி ஒரு படம் அனுப்பினார். உள்ளங்கையில் ஓர் ஓ-ரிங், ஒரு பக்கம் தட்டையாகி, நடுவில் ஒரு வெட்டு. புதியது சில வெள்ளிதானாம். புதன் காலை இன்ஜின் வைத்த இடத்திலேயே நின்றிருக்கிறது. வாங்கி அடுக்கிய ஆறு போத்தல் ஆயிலை என்ன செய்வது என்றுதான் இப்போது கேட்கிறார்.